‘ஒருநாள் உதவும்’: வீடு நிறையப் பொருள் சேர்ப்பவர்களைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் என் அப்பா வீட்டு ஹாலைப் பல வருடம் நாங்கள் பக்கவாட்டில் நடந்துதான் கடந்தோம். இரண்டு பக்கமும் பேப்பர் கட்டு, அதன் மேல் அட்டைப்பெட்டி, அதற்கும் மேல் ஓடாத டேபிள் ஃபேன். இதை ஒருநாள் ஆபீஸில் சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்று சாயந்திரமே ஒருத்தி தனியாகக் கூப்பிட்டு, “எங்க வீட்லயும் அப்படித்தான்” என்றாள். அப்புறம் அவளுடைய அண்ணி, அண்ணியின் பக்கத்து வீட்டுக்காரர் என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கிறார்கள். கேட்கிற ஆள்தான் வேறு, கேள்வி அதேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. அப்பாவுக்காக மனநல மருத்துவர்களிடம் உட்கார்ந்து கேட்டது, படித்தது, நானே செய்து கெடுத்துக்கொண்டது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

எங்க அம்மா பால் கவரைக்கூட கழுவி வெச்சுக்கறாங்க. இது நோயா?

பால் கவரைக் கழுவிக் காயவைத்து, நூறு சேர்ந்ததும் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுகிற அம்மாவுக்கு ஒரு நோயும் இல்லை. அவர் சிக்கனக்காரர். சென்னையில் பாதி வீட்டுச் சமையலறைகளில் கவருக்குள் கவர் திணித்த கவர் ஒன்று ஆணியில் தொங்கும். கல்யாணத்தில் கொடுத்த தாம்பூலப் பை, ஜவுளிக்கடைப் பை, ஹார்லிக்ஸ் பாட்டில் எல்லாவற்றுக்கும் நம் வீடுகளில் மறுபிறவி உண்டு.

பார்க்க வேண்டியது, அந்தப் பொருள் வீட்டைவிட்டு என்றாவது வெளியே போகிறதா என்பதை. கடைக்காரர் தராசோடு வந்து நிற்கும்போது அம்மா கொடுத்துவிடுகிறாரா, இல்லை “இந்தக் கட்டு மட்டும் இருக்கட்டும்” என்று ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே கொண்டுபோகிறாரா? கட்டிலில் படுக்க முடிகிறதா, பாத்ரூமில் குளிக்க முடிகிறதா, அடுப்பு மேடையில் காய் நறுக்க இடம் இருக்கிறதா? பொருளைப் பிரிய முடியாத தவிப்பும், அதனால் அறைகள் புழங்க முடியாமல் போவதும் சேர்ந்து நீடித்தால் அப்போது யோசிக்க வேண்டும்.

இதுக்குத் தமிழ்ல என்ன பேர்? டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?

ஆங்கிலத்தில் ஹோர்டிங் டிஸ்ஆர்டர். சென்னையில் ஹோர்டிங் என்றால் மேம்பாலத்துப் பக்கம் நிற்கும் விளம்பரப் பலகைதான் ஞாபகம் வரும். ‘பதுக்கல்’ என்றால் ரேஷன் அரிசி மூட்டையும் பறக்கும் படையும். ‘பொருள் சேர்ப்புக் கோளாறு’ ஓரளவு பொருந்தும். எங்கள் வீட்டில் பேரே வைக்கவில்லை. ‘அப்பா விஷயம்’ என்போம்.

டாக்டரிடம் பேர் சொல்ல வேண்டியதில்லை. “எதையும் தூக்கிப்போட விடமாட்டேங்கறார், அம்மா படுக்க இடமில்லை” என்று நடப்பதைச் சொன்னால் போதும். செல்போனில் நாலு படம் எடுத்துப் போங்கள். வீட்டை வாயால் விவரிப்பது கஷ்டம். முன்பு இதை ஓசிடியின், அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து செய்ததையே செய்யவைக்கும் நோயின், ஒரு கிளையாகத்தான் வைத்திருந்தார்கள். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு இதைத் தனி நோயாகப் பிரித்தது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலிலும் தனி இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பழைய மருந்துச் சீட்டில் ஓசிடி என்று எழுதியிருந்தால் அந்த டாக்டர் தப்பு செய்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

என் மாமா ஸ்டாம்ப் சேர்க்கறார், பழைய நாணயம் சேர்க்கறார். அவரும் இதுல வருவாரா?

மாட்டார். மாமா ஆல்பத்தை எடுத்துவந்து, வந்தவரை உட்காரவைத்து, காபி ஆறும்வரை காட்டுவார். எங்கள் வீட்டில் வாசல் மணி அடித்தால் அப்பா ஹால் விளக்கை அணைப்பார்.

சுத்த சோம்பேறித்தனம்தானே? நாலு நாள் உட்கார்ந்து எடுத்து வெச்சா முடிஞ்சு போச்சு!

என் அப்பா காலை நாலரைக்கு எழுந்து ஒழுங்குபடுத்த ஆரம்பிப்பார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டிலிருந்து ஒரு பேப்பரை உருவினார். முழுசாகப் படித்தார். அதில் சர்க்கரை நோய் பற்றி ஒரு கட்டுரை, சித்திக்கு உதவும் என்று தனியாக வைத்தார். அடுத்த பேப்பரில் ஒரு வங்கி விளம்பரம். அதை எதில் சேர்ப்பது என்று புரியாமல் மறுபடி பழைய கட்டின் மேலேயே வைத்தார். மூன்று மணி நேரத்தில் பதினோரு தாள்கள், இடம் மட்டும் மாறியிருந்தன. ஒன்றுகூட வெளியே போகவில்லை. அவர் முதுகு வேர்வையில் நனைந்திருந்தது.

அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், அது நிறையத் துருப்பிடித்த ஸ்க்ரூ. மேலே வெள்ளைத் தாள் ஒட்டி, ரயில்வே ஆபீஸ் கையெழுத்தில் ‘நல்லவை’ என்று எழுதியிருந்தார். பக்கத்துப் பாட்டிலில் ‘சரிசெய்தால் நல்லவை’. சோம்பேறி இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

அப்ப ஏன் இப்படிப் பண்றாங்க? சின்ன வயசுல வறுமைல வளர்ந்ததாலயா?

எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் இது. எங்கள் பாட்டியும் யுத்த காலத்துப் பஞ்சத்தைச் சொல்லித்தான் சமாளிப்பார். ஆனால் வசதியாக வளர்ந்தவர்களிடமும் இது இருக்கிறது, பட்டினி பார்த்த எத்தனையோ பேரிடம் இல்லை. வறுமை மட்டும் காரணம் என்றால் அப்பாவோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த அத்தை வீடு துடைத்துவிட்டமாதிரி இருக்காது.

காரணங்கள் பல சேர்ந்து வருகின்றன. குடும்பத்தில் ஓடுகிறது. முடிவெடுப்பதும் வகைபிரிப்பதும் இவர்களுக்கு மலையாகத் தெரிகிறது. கவனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. ‘வீணாக்கினால் பாவம்’ என்பது நம் எல்லோருக்கும் இருக்கிற எண்ணம்தான், இவர்களிடம் அது பத்து மடங்காக வேலை செய்கிறது. பெரிய இழப்புக்குப் பிறகு, அதாவது துணை போனபிறகோ வேலை போனபிறகோ, சட்டென்று முற்றிவிடுவதும் உண்டு. மனச்சோர்வோ பதற்றமோ கூடவே இருப்பது மிகச் சாதாரணம்.

2012-இல் வந்த ஒரு மூளை ஸ்கேன் ஆய்வை டாக்டர் எனக்கு விளக்கினார். தன்னுடைய காகிதத்தை வைத்துக்கொள்வதா எறிவதா என்று கேட்டபோது, இவர்களின் மூளையில் முடிவெடுப்பதோடு சம்பந்தப்பட்ட பகுதிகள் அளவுக்கு மீறி வேலை செய்தன. அடுத்தவர் காகிதத்தைக் காட்டியபோது அதே பகுதிகள் மந்தமாக இருந்தன. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் கிடந்த உடைந்த நாற்காலியைப் பார்த்து, “குப்பையை ஏன்தான் இப்படிச் சேர்க்கறாங்களோ” என்று அப்பா அங்கலாய்த்தது ஞாபகம் வந்தது.

வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே?

வயதானவர்களிடம் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் பதின்வயதிலேயே தொடங்கிவிடும். அப்போது அம்மா திட்டி எடுத்துப்போடுவார், கல்யாணமானால் மனைவி. தடுக்கிற கை ஓய்ந்தபிறகு வீடு நிரம்பும். மேலைநாடுகளில் எடுத்த கணக்குகள் ஏறக்குறைய நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது இருப்பதாகச் சொல்கின்றன.

ஒரு எச்சரிக்கை. எழுபது வயதுவரை வீட்டைக் கண்ணாடிபோல் வைத்திருந்தவர் திடீரென்று தெருக்குப்பையைப் பொறுக்கி வருகிறார் என்றால் அது வேறு கதை. குறிப்பாக ஞாபகமறதி, குளிக்காமல் இருப்பது, குணம் மாறுவது எல்லாம் கூடவே வந்தால் மறதி நோயாக இருக்கலாம். இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காமல் நரம்பியல் அல்லது முதியோர் மருத்துவரிடம் போங்கள்.

வீட்டுக்கு அப்படி என்ன ஆபத்து? கொஞ்சம் தூசி, அவ்வளவுதானே?

தூசியும் ராமபாணப் பூச்சியும் சென்னைப் புழுக்கத்தில் பழைய பேப்பருக்கு வருகிற புளித்த வாடையும் பழகிவிடும். அதுதான் சிக்கல். பயப்பட வேண்டியவை வேறு. முதலில் தீ. சமையலறையில் சிலிண்டர், அதை ஒட்டிக் கவர் மூட்டை. ஹாலில் ஸ்விட்ச் போர்டை மறைத்துப் பேப்பர். பற்றினால் நொடியில் பரவும், வெளியே ஓட வழி இருக்காது. அடுத்தது விழுவது. வயதானவர் இரவில் பாத்ரூமுக்கு எழுந்து கட்டு தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். அப்போது 108-க்கு அழைத்தாலும் ஸ்ட்ரெச்சர் உள்ளே நுழையாது. என் தோழி வீட்டில் அவள் மாமனாரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு தலைக்கு மேல் தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தார்கள்.

மொட்டை மாடியைத் தனியாகப் பாருங்கள். உடைந்த பக்கெட், டயர், பெயிண்ட் டப்பா, தேங்காய் ஓடு. ஐப்பசி மழை ஒன்று போதும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், ஒரு மூடியில் தேங்கிய நல்ல தண்ணீரே போதும். அதன் முட்டை காய்ந்த டப்பாவில் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, மழை வந்ததும் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் பறக்கும். மாநகராட்சிக் கொசு ஒழிப்பு ஊழியர் வரும்போது மாடிக்கதவைப் பூட்டிவிட்டு “சாவி இல்லை” என்று சொல்கிற வீடு, தெருவுக்கே காய்ச்சல் கொடுக்கும். எலி வந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அதே தோழியின் மாமனார் வீட்டுக்குள், ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றுத் தண்ணீர் இடுப்பளவு வந்தது. நனைந்த பேப்பர் கட்டுகள் ஊதி, உள்பக்கம் திறக்கும் படுக்கையறைக் கதவை அடைத்துக்கொண்டன. தண்ணீர் வடிந்தபிறகு கடப்பாரை போட்டுத்தான் திறந்தார்களாம்.

வீட்ல மத்தவங்களுக்கு இதுல என்ன வந்துச்சு? அவர் அறை, அவர் சாமான்.

அவர் அறையோடு நின்றால் நானும் அதையே சொல்வேன். நிற்காது. முதலில் பரண், அப்புறம் பீரோ மேல், கட்டிலடி, கட்டில். எங்கள் அம்மா ஆறு வருடம் சமையலறையில் பாய் விரித்துத் தூங்கினார். மிக்ஸி வைக்கிற மேடைக்குக் கீழே தலை, கதவுப் பக்கம் கால். யாரிடமும் சொன்னதில்லை. “அங்கதான் காத்து வருது” என்பார்.

ஆள் வருவது முதலில் நிற்கும். தம்பிக்குப் பெண் வீட்டார் வருகிறோம் என்றபோது “வீட்ல பெயிண்ட் வேலை நடக்குது, கோயில்ல பார்க்கலாம்” என்றோம். பெயிண்ட் வேலை மூன்று வருடம் நடந்தது. கொலு நின்றது. தாத்தா திவசத்தைச் சித்தப்பா வீட்டுக்கு மாற்றினோம். பிளம்பரைக் கூப்பிட வெட்கப்பட்டு, ஒழுகும் குழாய்க்கு அடியில் வாளி வைத்துக்கொண்டோம். குழந்தைகள் தோழிகளைக் கூட்டிவருவதில்லை. ஏன் என்று கேட்கும் வயது வரும்போது அவர்களே பொய் சொல்லப் பழகியிருப்பார்கள். நானும் பழகினேன், ஆறாம் வகுப்பில்.

பணமும் போகும். கத்தரிக்கோல் எங்கோ இருக்கிறது, கிடைக்காது, புதிது வாங்கு. எங்கள் வீட்டில் கடைசியாக எண்ணியபோது பதினாலு கத்தரிக்கோல். கரண்ட் பில், சொத்து வரி ரசீது, பத்திரம், எல்லாம் பேப்பருக்குள் புதைந்து, கட்டிய வரிக்கு மறுபடி நோட்டீஸ் வரும். வீட்டுக்காரிக்குத்தான் எல்லாப் பழியும். “அந்தம்மா வீட்டைப் பார்த்துக்கற லட்சணம்” என்று ஊர் பேசும். சேர்த்தது யார் என்று ஊர் கேட்பதில்லை.

அவர் ஊருக்குப் போயிருக்கும்போது சத்தமில்லாம எல்லாத்தையும் காலி பண்ணிடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன். நான் செய்தேன்.

2014-இல் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நானும் தம்பியும் சேர்ந்து, குட்டியானை வண்டியில் இரண்டு நடை அடித்து ஹாலைக் காலி செய்தோம். பினாயில் போட்டுக் கழுவி, சுவருக்கு வெள்ளை அடித்தோம். அம்மா புதுப் பாயைக் கட்டிலில் விரித்தார். அப்பா ஆட்டோவிலிருந்து இறங்கி வாசலிலேயே நின்றார். திட்டவில்லை. மெதுவாக உள்ளே வந்து, பேப்பர் கட்டு இருந்த சுவரைக் கையால் தடவினார். “அந்த நீலப் பெட்டி?” என்று மட்டும் கேட்டார். நீலப் பெட்டியில் உடைந்த குடைக் கம்பிகள் இருந்ததை நாங்கள் பார்த்தோம். கம்பிகளுக்கு அடியில் பெரியப்பா எழுதிய இன்லண்ட் லெட்டர்கள் இருந்ததைப் பார்க்கவில்லை. பெரியப்பா போய் அப்போது இருபது வருடம்.

மறுநாள் தையல் பிரிக்காத வயிற்றோடு காயலான் கடைக்கு நடந்தார். பேப்பர் குடோனுக்குப் போயிருந்தது. தன்னுடைய டேபிள் ஃபேனையே 150 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். தம்பியோடு இரண்டு வருடம் பேசவில்லை. ஒன்றரை வருடத்தில் ஹால் பழையபடி நிரம்பியது. இந்தத் தடவை அறைக்குப் பூட்டு வேறு. பொருளை எடுத்தால் நோய் போகாது, நம்பிக்கைதான் போகும். பிறகு அவர் யாரையும் பக்கத்தில் விடமாட்டார். மின்சாரம், தீ என்று உயிருக்கே ஆபத்து என்றால் எடுக்கத்தான் வேண்டும். அப்போதும் அவர் கண்முன்னால் சொல்லிவிட்டு எடுங்கள்.

போகிக்கு எரிச்சிட்டா? ‘பழையன கழிதலும்’னு பெரியவங்களே சொல்லியிருக்காங்களே?

முந்தின பதிலேதான், புகை மட்டும் கூடுதல். அந்த வரி நன்னூலில் மொழியைப் பற்றி வருகிறது. பழைய சொல் வழக்கு ஒழிந்து புதியது வருவது குற்றமில்லை என்கிறது. டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தி, விமான நிலையத்தில் விமானம் இறங்க முடியாத அளவுக்குப் புகைபோடச் சொல்லவில்லை. போகிக்கு முன்னால் மாநகராட்சியே பழைய துணி, டயர் எல்லாம் வாங்கிக்கொள்கிறது. வீட்டுப் பெரியவரே மனமொப்பி ஒரு பை கொடுத்தால் அதை அங்கே கொடுங்கள்.

சரி, பின்ன என்னதான் பண்றது? எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

வீட்டைக் காலி செய்வது என்கிற எண்ணத்தை விடுங்கள். வழி வேண்டும், அவ்வளவுதான். வாசலிலிருந்து படுக்கைவரை, படுக்கையிலிருந்து பாத்ரூம்வரை, அடுப்பைச் சுற்றி. நாங்கள் இரண்டாம் முறை தொடங்கியபோது அப்பாவிடம் “தூக்கிப்போடு” என்று சொல்லவே இல்லை. “அம்மா ராத்திரி விழுந்துட்டா யார் பார்க்கறது, மூணடி வழி மட்டும் வேணும்” என்றோம். அதற்கு அவரிடம் பதில் இல்லை. டேப் எடுத்து அவரே அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். பழைய ரயில்வே ஆள்!

கையை அவர் மட்டும்தான் வைக்க வேண்டும். நீங்கள் தொட்டு “இது எதுக்கு?” என்றால், அவருக்குப் பத்துக் காரணம் தோன்றும், வக்கீல்போல வாதாடுவார். ஒரு இடம், அரை மணி நேரம். முதல் நாள் காலாவதியான மருந்து, உறுத்தாத எதுவாவது. கடிதம், போட்டோ கடைசியில். பேப்பரைக் கட்டோடு எடைக்குப் போடாமல் உதறிப் பாருங்கள். எங்களுக்கு அதில் ஒரு எல்ஐசி பாண்டும், ரப்பர் பேண்ட் போட்ட பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டுகளும் கிடைத்தன. 2016-இல் செல்லாமல் போனவை.

அதோடு உள்ளே வருவதை நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டு பேப்பர் வந்தது, ஒன்றாக்கினோம். பிளாட்பார வியாபாரியிடம் வாங்குவது, இலவசம் என்றால் கை நீட்டுவது, இவையெல்லாம் நோயின் இன்னொரு பாதி. சிலர் இப்போது ஆன்லைனில் வாங்கி அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே அடுக்குகிறார்கள்.

எவ்வளவு மோசம்னு எப்படி அளக்கறது? எங்க வீடு உங்க வீடு அளவுக்கு இல்லையே.

டாக்டர்கள் ஒன்பது படங்களை வைத்திருக்கிறார்கள். ஒரே அறை, முதல் படத்தில் சுத்தம், ஒன்பதாவதில் கூரை முட்ட. வீட்டு அறை எந்தப் படத்தோடு ஒத்துப்போகிறது என்று காட்டச் சொல்வார்கள். நாலாவதை எட்டினாலே கவனிக்க வேண்டியது. நாங்கள் தனித்தனியாகக் காட்டினோம். அம்மா ஏழு, நான் ஏழு. அப்பா மூன்று. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. இதை அறிந்தபிறகு அவரோடு சண்டை போடுவது எனக்குப் பாதியாகக் குறைந்தது.

தூக்கிப்போடறேன்னு எடுத்துட்டுப் போறார், ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா மாடியில இருக்கு. என்ன பண்றது?

சத்தம் போடாதீர்கள். வாசல்வரை வந்ததே பெரிது. அவர் ‘சரி’ என்ற அன்றே பொருள் தெருவைத் தாண்ட வேண்டும், இரவு தங்கவிட்டால் திரும்பிவிடும். பேப்பர்காரரை முன்கூட்டியே வரச்சொல்லி நிறுத்துங்கள். பழைய மெத்தை, சோபா போன்றவற்றுக்கு மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு போன் போட்டுக் கேளுங்கள். ‘யாருக்காவது உதவும்’ என்று தெரிந்தால் இவர்களுக்குக் கை இளகும். அப்பாவின் ‘நல்லவை’ பாட்டிலைத் தெருமுனை சைக்கிள் கடைப் பையனுக்குக் கொடுத்தோம். அவன் அப்பாவிடமே வந்து “ஐயா, எட்டாம் நம்பர் ஸ்க்ரூ இருக்கா?” என்று கேட்டது எந்த மருந்தையும்விட வேலை செய்தது.

இதுக்கு மருந்து இருக்கா? முழுசா சரியாகுமா?

இதற்கென்றே ஒரு மாத்திரை கிடையாது. கூட இருக்கும் மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மருந்து கொடுப்பார்கள், அது நிஜமாகவே உதவும். முக்கிய சிகிச்சை பேச்சும் பயிற்சியும்: சிபிடி எனப்படும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை. வகைபிரிக்க, முடிவெடுக்க, வாங்காமல் கடையைக் கடக்கப் பழக்குவார்கள். இதற்கென்று வகுத்த முறையில் ஏறக்குறைய 26 அமர்வுகள், அவற்றில் சில வீட்டிலேயே.

குறையும் என்று நம்பலாம். மறைந்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

சென்னையில எங்க போறது? தனியார்ல கட்டுப்படி ஆகாது.

முதல் படிக்கு 14416, டெலி-மனஸ். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல உதவி எண், தமிழில் பேசலாம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். நேரில் போக கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, இவற்றின் மனநலப் புறநோயாளிப் பிரிவுகள். அண்ணா நகர் மேற்கில் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃப் தொண்டு நிறுவனம் இருக்கிறது. மனச்சிதைவுதான் அதன் முக்கியப் பணி, முதியோர் மறதி நோயையும் பார்க்கிறார்கள். வயதானபிறகு திடீரென்று தொடங்கியதற்கு, நான் முன்பு எச்சரித்த வகைக்கு, கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனைக்குப் போகலாம்.

கீழ்ப்பாக்கம் என்ற வார்த்தையை மட்டும் வீட்டில் சொல்லாதீர்கள். 1794 முதல் இருக்கிற ஆஸ்பத்திரி, நம் ஊரில் அதன் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். “தூக்கம் சரியில்லைன்னு ஒரு டாக்டரைப் பார்க்கலாம்” என்று அழைத்தபோதுதான் அப்பா சட்டை மாற்றினார். அவருக்குத் தூக்கமும் நிஜமாகவே இல்லை, அதனால் அது பொய்யும் இல்லை.

வரவே மாட்டேங்கறார். கட்டாயப்படுத்தி அட்மிட் பண்ணலாமா?

வீடு நிறைந்திருக்கிறது என்பதற்காக முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவர் தன் சிகிச்சையைப் பற்றித் தானே முடிவெடுக்கக்கூடியவர் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறது. தனக்கோ மற்றவருக்கோ தீங்கு செய்யும் நிலை, அல்லது தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருப்பது என்றால் மட்டும், தனித்தனியாக இரண்டு நிபுணர்கள் பரிசோதித்தபிறகு சேர்க்கலாம்.

அவர் வராவிட்டால் நீங்கள் போங்கள். நானும் அம்மாவும் ஏழு மாதம் அப்பா இல்லாமலே டாக்டரைப் பார்த்தோம். எப்படிப் பேசுவது, எங்கே வாயை மூடுவது என்று கற்றுக்கொண்டதே அங்கேதான். அம்மாவுக்கும் தனியாகச் சிகிச்சை தேவைப்பட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது.

வாடகை வீடு. ஓனர் காலி பண்ணச் சொல்றார், அசோசியேஷன்லயும் புகார். என்ன செய்ய?

பொதுப் படிக்கட்டு, காரிடார், மீட்டர் பெட்டிப் பக்கம் இருப்பதை முதலில் எடுத்துவிடுங்கள். அதில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, தீ வந்தால் எல்லோருக்கும் அதுதான் வழி. மற்றதற்கு அவகாசம் கேட்டு எழுத்தில் கொடுங்கள். சிகிச்சையில் இருக்கிறார் என்று டாக்டர் ஒரு வரி கொடுத்தால் பலர் இறங்கி வருகிறார்கள். ஓனர் தானே பூட்டை உடைத்துச் சாமானை எறிய முடியாது. வாடகை நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது.

எங்க பெரியம்மா சாமான் சேர்க்கல, பூனை சேர்க்கறாங்க. இருபத்தி மூணு இருக்கு.

இதுவும் இதன் ஒரு வகை. நாலு பூனைக்குச் சோறு போடுவது அன்பு. இருபத்து மூன்றில் பாதிக்குச் சொறியும் கண்நோயும் இருந்து, அது அவர் கண்ணில் படவே இல்லை என்றால் உதவி தேவை. பூனைகளுக்கும்தான். ஒரே நாளில் பிடித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே இப்போது தெரியும். கருத்தடையில் தொடங்குங்கள், எண்ணிக்கை ஏறாது.

எனக்கும் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

எனக்கும். இந்தக் கோளாறு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதேபோன்ற சொந்தம் ஒருவர் இருக்கிறார் என்கிறார்கள். அதற்காகப் பிள்ளைகள் எல்லோருக்கும் வரும் என்றில்லை. தம்பி வீட்டில் ஒரு நாள்காட்டிகூடக் கிடையாது. அவன் பயம் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

போன மாதம் புது மிக்ஸி வாங்கினோம். பெட்டியை “வாரண்டி முடியற வரைக்கும் இருக்கட்டும்” என்று பரணில் ஏற்றினேன். இரண்டு வருட வாரண்டி. இறங்கிப் பார்த்தால் என் பெண் கையில் மார்க்கரோடு நிற்கிறாள். ஏணியில் ஏறி, பெட்டியின் மேல் முடிகிற தேதியைப் பெரிதாக எழுதிவிட்டுத்தான் இறங்கினாள்.